மாட்டுக்குத் தண்ணி காட்டணும்

108 வண்டியில் ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு படிவம் நிரப்புவோம். பி.சி.ஆர். என்போம். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் எழுதிய பிறகு, மருத்துவமனைக்கு வர மறுப்பவர் கையெழுத்துப் போடவும் அதில் இடம் உண்டு. குடித்துவிட்டு விழுந்தவர்கள், பைக்கில் உரசிக்கொண்டு போலீஸுக்குப் பயந்தவர்கள், வலிப்பு தெளிந்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கூசியவர்கள் என்று அதில் கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கணக்கில்லை. அந்தத் தாளை நீட்ட எனக்குக் கை வராதது ஒரு வகை ஆட்களிடம் மட்டும்தான். அவர்களுக்குக் கையெழுத்து அழகாக வரும். எதற்குப் போடுகிறோம் என்பதுதான் தெரியாது.

மேலூர்ப் பக்கம் ஓர் ஆத்தா அப்படி. வாசலில் விழுந்து திண்ணையோரம் கிடந்தார். வலது கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. தொடையெலும்பு இடுப்போரம் முறிந்தால் கால் பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கும்.

"வலிக்குதா ஆத்தா?"

"எனக்கென்ன வலி? பொழுது எறங்குது, மாட்டுக்குத் தண்ணி காட்டணும். எந்திரிக்க விடுங்கப்பா."

மாட்டை விற்றுப் பல வருஷம் ஆயிற்று என்று மருமகள் மெதுவாகச் சொன்னார். கழனித் தொட்டியில் உடைந்த ஓடுகள் கிடந்தன. ஆத்தா ஒரு கையால் திண்ணைத் தூணைப் பிடித்திருந்தார். நாங்கள் ஸ்ட்ரெச்சரை அருகில் கொண்டுபோகப் போக அந்தப் பிடி இறுகியது. வலி இல்லை என்று வாய் சொன்னாலும், காலுக்குப் பக்கத்தில் என் கை போனபோதெல்லாம் முகம் சுருங்கியது. மறதிநோயில் வலி குறைவதில்லை, வலியைச் சொல்லும் வழிதான் அடைபடுகிறது. அதனால் வாயை விட்டுவிட்டுப் புருவத்தையும் விரல்களையும் பார்க்கப் பழகிக்கொண்டோம்.

பொழுது எறங்குது என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. இந்த மாதிரி அழைப்புகள் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அதிகம் வருவதுபோல எனக்குத் தோன்றும். மறதிநோய் உள்ளவர்களுக்குச் சாயங்காலம் ஆக ஆகப் பதற்றம் கூடும் என்பது மருத்துவர்களும் சொல்வதுதான். சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். செத்துப்போன அம்மாவைத் தேடுவார்கள். அந்த நேரம் பார்த்துச் சிவப்பு விளக்கு சுற்ற, சைரன் அலற நாங்கள் போய் இறங்குவோம். தெருமுனையிலேயே சைரனை நிறுத்திவிடும் பைலட் ஒருவர் என்னோடு இருந்தார். எங்கள் சர்வீஸில் ஓட்டுநரைப் பைலட் என்றுதான் கூப்பிடுவோம். சைரனை நிறுத்த யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவருடைய அப்பத்தாவுக்கும் இதே நோய்.

கொரோனா வந்த 2020-இல் எங்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கும். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உறை, கண்ணாடி, முகக்கவசம். முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டுத்தான் அந்த முதியவர்கள் எதிரில் இருப்பவரை எடைபோடுவார்கள். அந்த இரண்டையும் நாங்கள் மூடிவிட்டுப் போனோம். ஒரு தாத்தா என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார். அவருக்கு நான் என்னவாகத் தெரிந்தேனோ. அவர் வரமாட்டேன் என்றது ஆஸ்பத்திரியைப் பற்றியே இல்லை.

பல சமயம் அப்படித்தான். அந்த "வரல" வேறு எதற்கோ சொல்லும் பதில். அவிழ்ந்த வேட்டிக்கு, பூட்டாத பீரோவுக்கு, ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவதற்கு, புருஷன் போய்த் திரும்பாத இடத்தின் பெயருக்கு. எதற்கு என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்டுபிடிக்க நேரம் வேண்டும், எங்களிடம் இல்லாதது அதுதான். அடுத்த கேஸ் காத்திருக்கும்.

சில சமயம் அது மறதியின் பதிலாகவே இருக்காது. திருமங்கலத்தில் ஒரு பெரியவர் கட்டிலை விட்டு இறங்காமல் எங்களை அடிக்க வந்தார். "இவருக்கு மறதி சார், எப்பவும் இப்படித்தான்" என்றார்கள். எப்போதுமா, இன்றைக்கு மட்டுமா என்று கேட்டேன். வீட்டுக்காரம்மா யோசித்து, "காலைல நல்லாத்தான் இருந்தாக" என்றார். மறதிநோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஏறுவது. காலைக்கும் மாலைக்கும் நடுவில் ஆள் மாறினால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்: மூத்திரத்தில் கிருமி, நுரையீரலில் சளி, ரத்தத்தில் உப்புக் குறைவு, தலையில் அடி. அவருக்குச் சர்க்கரை. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் 40-க்குக் கீழே. மாத்திரை போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டிருக்கிறார், சாப்பிட்டதாக நினைத்துச் சாப்பிடாமலும் இருந்திருக்கிறார். டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும், "யாருப்பா நீங்க, காபி குடிச்சீகளா" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகும் அவர் வரமாட்டேன் என்றார், இந்தத் தடவை மரியாதையாக. சர்க்கரை மாத்திரைகளில் சில உடம்பில் நெடுநேரம் நின்று வேலை செய்யும், ஏற்றிய சர்க்கரை ராத்திரி மறுபடி இறங்கும். அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு சட்டையை மாட்டினார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று புதுப் பிள்ளைகள் கேட்பார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு எனக்குப் பிடிக்கும். விவரத்தைப் புரிந்துகொள்ள, பின்விளைவை உணர, முடிவைத் தெரிவிக்க ஒருவருக்கு முடிகிறதா என்றுதான் அது பார்க்கச் சொல்கிறது. மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிற முடிவை ஒருவர் எடுத்தார் என்பதற்காக மட்டும் அவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அது மனநலச் சிகிச்சைக்கான சட்டம், முறிந்த எலும்புக்கு எழுதியதல்ல. சம்மதம் சொல்லும் நிலையில் ஆள் இல்லை, அவருக்காகச் சொல்ல வேண்டியவரிடம் கேட்கவும் நேரமில்லை என்றால், நல்லெண்ணத்தோடு அவர் நன்மைக்காகச் செய்வது குற்றமாகாது என்ற பாதுகாப்பு பழைய தண்டனைச் சட்டத்தில் 92-ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 30. திண்ணையோரம் குந்தி உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை.

அங்கே நான் செய்வது சாதாரணமான ஒன்று. என்ன நடந்தது, எங்களோடு வராவிட்டால் என்ன ஆகும், ஏன் வேண்டாம் என்று கேட்பேன். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு அதையே திரும்பக் கேட்பேன். இரண்டு தடவையும் ஒரே பதில், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது என்றால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. இன்றைக்கு என்ன கிழமை, முதலமைச்சர் யார் என்று மட்டும் கேட்டுவிட்டு முடிவுகட்டுவது எனக்குச் சம்மதமில்லை. கிழமை தெரியாத பெரியவருக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்திருக்கலாம். கிழமையைச் சரியாகச் சொல்பவருக்குக் கால் முறிந்தது தெரியாமல் இருக்கலாம். பிறகு கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் சொல்வோம். முடிவு அவருடையதும்தான்.

ஆத்தாவிடம் கேட்டேன். விழுந்தீர்களா என்றதற்கு, "யாரு விழுந்தா?" கொஞ்சம் கழித்துக் கேட்டதற்கு, "தண்ணி காட்டணும்ப்பா." டாக்டர், கூட்டிவாருங்கள் என்றார். அதைச் சொல்வது சுலபம். தூணைப் பிடித்த கையை எப்படி எடுப்பது?

கூட்டத்தில் ஒருவர், "கோயிலுக்குப் போறோம்னு சொல்லுங்க சார்" என்றார். எல்லாத் தெருவிலும் யாராவது இதைச் சொல்வார்கள். மேலூரில் அழகர்கோவில், வேறு ஊரில் வேறு கோயில். பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். நான் சொல்வதில்லை. கேசுவால்டி வாசலில் கதவைத் திறக்கும்போது கோயில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கோபம் எங்கள் மேல் விழாது, நாங்கள் கிளம்பிவிடுவோம். ராத்திரி முழுக்கக் கூட நிற்கிற மருமகள்தான் அதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்காக "மாடு இல்ல ஆத்தா, வித்தாச்சு" என்று சொல்லவும் மாட்டேன். அந்தத் துக்கத்தை அவர் புதிதாக ஒரு தடவை படுவதால் யாருக்கு என்ன லாபம்? "பக்கத்து வீட்டுப் பிள்ள தண்ணி காட்டிரும்" என்றேன். இது பொய்யில்லையா என்று பைலட் பிறகு கேட்டார். பொய்தான். கோயிலைவிடச் சின்னது என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் திருப்பூரிலிருந்து மகன் வீடியோ காலில் வந்துவிட்டார். "சார், தூக்கிப் போட்டுக் கொண்டுபோங்க, நான் சொல்றேன்." போனை ஆத்தாவிடம் காட்டினால், "இது யாரு, பஞ்சாயத்துக்காரரா?" என்றார். மகன் முகம் ஒரு கணம் திரையில் அப்படியே நின்றது, நெட்வொர்க்கா என்று தெரியவில்லை. தூரத்தில் இருக்கிறவர் குரல் உரக்கக் கேட்பதும், தினம் குளிப்பாட்டிவிடுகிறவர் வாய் திறக்காமல் நிற்பதும் இந்த வீடுகளில் நான் பார்த்துப் பழகியது. எல்லா விவரமும் மருமகளுக்குத்தான் தெரியும்: எந்த மாத்திரை, எந்தக் காது கேட்கும், யார் பேச்சுக்கு ஆத்தா மசிவார்.

ஆத்தா மசிவது தன் கொழுந்தியாளுக்கு என்று மருமகள் சொன்னார். அடுத்த தெருவிலிருந்து அந்தக் கிழவி கம்பூன்றி வந்தார். யாரையும் விசாரிக்கவில்லை. நேராக வண்டிப் படியில் ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டு, "அங்கிட்டு என்ன பண்ற, வாடி, காத்து நல்லா வருது" என்று கூப்பிட்டார். ஆத்தா தூணை விட்டுவிட்டுக் கையை அந்தப் பக்கம் நீட்டினார். ஸ்கூப் ஸ்ட்ரெச்சரின் இரண்டு பாதிகளையும் இரு பக்கமும் செருகிக் காலை அசைக்காமல் எடுத்தோம். மதுரை வரைக்கும் இரண்டு பேரும் நாற்று நடவு பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் ஒப்படைத்தோம். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாது. எங்கள் வேலையில் கதையின் பிற்பாதி யாருக்கும் கிடைப்பதில்லை.

இப்படி எத்தனை திண்ணைகள் இருக்கும்? 2023-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் என்று மதிப்பிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் கூடுதல். தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008-இல். அன்றைக்குப் பிரசவமும் விபத்தும்தான் எங்கள் வேலை என்று நினைத்தோம். "ஓ காதல் கண்மணி" படம் வந்தபோதுதான் அல்ஸைமர் என்ற பெயரையே எங்கள் பக்கம் பலர் சொல்லக் கேட்டேன். அந்தப் படத்தில் நோயோடு வருகிறவரைக் கவனித்துக்கொள்ளப் பாசமான கணவர் இருப்பார். நான் போன வீடுகளில் பெரும்பாலும் ஒரு மருமகள் இருந்தார், அவருக்கும் முதுகுவலி.

கூட்டிவராமல் விட்டுவந்த கேஸும் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மறதி தொடக்கத்தில். பீரோ முனையில் இடித்து நெற்றியில் சின்ன வெட்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா என்று அட்டைகளைப் புரட்டினேன், இல்லை. வயதானவர்களுக்குத் தலையில் அடிபட்டால் ரத்தம் மெதுவாகக் கசிந்து நாள் கழித்தும் தொந்தரவு காட்டும், ஸ்கேன் எடுப்பது நல்லது என்று சொன்னேன். என் பெயரை இரண்டு தடவை கேட்டார், மறந்தார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதற்கு மட்டும் இரண்டு தடவையும் ஒரே காரணம் சொன்னார்: போன முறை சேர்த்த இடத்தில் ராத்திரி எழுந்து நடக்கிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். மனைவி தலையாட்டினார். புது இடம், தூக்கமில்லாத விளக்கு, தெரியாத முகங்கள், இவையே இப்படிப்பட்டவர்களை இன்னும் குழப்பிவிடும் என்பது எனக்கும் தெரியும். போனில் டாக்டர் அவரிடமே நெடுநேரம் பேசிவிட்டு, சரி என்றார்.

வாந்தி, விடாத தூக்கம், ஒரு பக்கம் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், இதில் எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள் என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். சார் அதை வாங்கிப் படித்தார். "கைகால் தளர்ச்சி சரி. 'உடனே கூப்பிடவும்'னு எழுதிட்டு எங்க கூப்பிடன்னு நம்பர் போடலியே" என்றார்.

108 என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டார். தேதி தப்பு, வருஷமும். டாக்டர் சொன்ன நேரத்தைப் பக்கத்தில் குறித்துவிட்டு, நாளைக்குப் பகலில் அவருக்குப் பழக்கமான டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று மனைவியிடம் சொன்னேன். "ஆட்டோவுல வருவாரு. ஆட்டோன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார் அவர்.