மங்கிய எழுத்துகள்

பண்ணுருட்டியை அடுத்த அண்ணாகிராமத்திற்கு நீங்கள் சென்றால் பலாவும் முந்திரியும் உங்களை வரவேற்கும். அங்கே நண்பரொருவரின் வீட்டு முற்றத்தில், அவருடைய மர்ஹூம் தந்தையார் ஓட்டிய பழைய அம்பாசிடர் நிற்கின்றது. மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் 2014-ஆம் ஆண்டிலேயே அதன் உற்பத்தி நின்றுவிட்டது.

முகப்புப் பலகைக் குமிழ்களின் எழுத்துகள் தேய்ந்து, விளக்கு எது, வைப்பர் எது என்று விளங்கவில்லை. இரவில் மாற்றி இழுத்தால் ஆபத்தல்லவா? மதரஸாப் பலகையில் எழுத்தை அழித்தே பழகிய நான், அவசரப்பட்டுத் தின்னரால் ஒரு குமிழைத் துடைத்தேன். அதன் மேற்பரப்பே கரைந்தது! தந்தையாரின் விரல் பட்டுத் தேய்ந்த குமிழ் அது. நண்பர் ஒன்றும் கூறவில்லை. அம்மௌனம் இன்றும் என்னைச் சுடுகின்றது.

பின்னர் பெயிண்டர் ஒருவர் முறையைக் கற்பித்தார். சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு அழுக்கை நீக்குங்கள். பள்ளமாகச் செதுக்கிய எழுத்தில் வெள்ளை எனாமலை நிரப்புங்கள். மேலே வழிந்ததை மட்டும் அட்டையின் விளிம்பால் வழித்தெடுத்து, ஒருநாள் காயவிடுங்கள். மேலே அச்சிட்ட எழுத்தாயின் இம்முறை உதவாது. ஸ்கிரீன் பிரிண்டிங் ஒரு வழி.

மற்றக் குமிழ்கள் இன்று தெளிவாகத் தெரிகின்றன. நான் கெடுத்ததை மட்டும் நண்பர் மாற்றவில்லை. அதைத் தொட்டே வண்டியை ஓட்டுகின்றார். பழையதைப் புதுப்பிக்க நாடுவோரே, முதலில் பொறுமையைக் கையில் எடுங்கள்!