சிட்டாவும் 'அ' பதிவேடும்

போன வாரம் மரக்காணம் வந்திருந்த பேரன், "தாத்தா, டேட்டாபேஸ்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். "பாஸ் தெ தொன்னே" என்றேன். 'தொன்னே' என்றால் கொடுக்கப்பட்டவை. நம் 'தரவு' என்பதும் தருவதிலிருந்து வந்ததுதானே! "அதனால் என்ன பயன், சொல்லுங்க" என்றான். நான் வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த காலத்துக் கதையைச் சொன்னேன்.

அப்போது ஒரே நிலம் பல ஏடுகளில் இருக்கும். 'அ' பதிவேட்டில் சர்வே எண் வரிசை. சிட்டாவில் பட்டாதாரர் வாரியாக. நிலம் கை மாறினால் இரண்டிலும் திருத்த வேண்டும். உப்பளத்தில் கூலி வேலை பார்த்த ஒரு அம்மா, கணவர் இறந்தபின் அரை ஏக்கர் புஞ்சைக்குப் பெயர் மாற்றம் கேட்டு வந்தார். உத்தரவானதும் 'அ' பதிவேட்டைத் திருத்தினேன். சிட்டாவை மறந்துவிட்டேன். அவர் கடன் கேட்டுப் போன இடத்தில் சிட்டா நகலில் இறந்தவர் பெயரே இருந்தது. கூலியை விட்டுவிட்டு மூன்று முறை பஸ் ஏறி வந்தார். கடைசியில் தவறு என்னுடையது என்று தெரிந்தபோது, "பரவாயில்லைங்க சார்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதுதான் தரவுத்தள மேலாண்மை மென்பொருளின் வேலை. விவரங்களை அட்டவணைகளாக வைத்து, பொதுவான எண்களால் இணைக்கும் முறையை 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் ஒரு கட்டுரையில் விளக்கினார். நிலத்துக்கு ஒரு அட்டவணை, உரிமையாளருக்கு ஒன்று. இணைப்பது பட்டா எண். பெயர் ஓரிடத்தில்தான் இருக்கும். அங்கே திருத்தினால் சிட்டா கேட்டாலும் 'அ' பதிவேடு கேட்டாலும் புதுப் பெயரே வரும். திருத்தும்போது பாதியில் கரண்ட் போனாலும் அரைகுறையாக நிற்காது. முழுதாக ஏறும், இல்லையென்றால் பழையபடியே இருக்கும். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்றும் வரையறுக்கலாம். இன்று மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் வீட்டிலிருந்தே பட்டா விவரம் பார்க்க முடிகிறது.

"அப்போ தப்பே வராதா தாத்தா?"

"வரும்டா. தப்பான பெயரைக் கொடுத்தால் எல்லா நகலிலும் ஒரே மாதிரி தப்பாக வரும். கொடுத்ததுதானே இருக்கும்!"

நண்பர்களே, உங்கள் பட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் இன்னும் அப்பா, தாத்தா பெயர் இருந்தால், நாம் இருக்கும்போதே மாற்றிவிடுவோம். பிள்ளைகள் மூன்று முறை பஸ் ஏற வேண்டாம்.