விதேயன் என்னும் பயனிலை

ஒருவர் தன் புத்தியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நடமாடினால், தமிழில் ‘சொக்குப்பொடி போட்டுவிட்டார்கள்’ என்பார்கள். மலையாளத்தில் ‘கைவிஷம்’ என்பார்கள். பழி பொடியின்மீதும் விஷத்தின்மீதும் விழுகிறது. கொடுத்தவர் யார் என்று வாக்கியம் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் நேர்மாறு. அங்கே ‘ஸ்வெங்காலி’ என்ற ஆளின் பெயரே பொதுச்சொல்லாகிவிட்டது.

ஜார்ஜ் டு மோரியேயின் ‘ட்ரில்பி’ (1894) நாவலில் வரும் இசைக்கலைஞன் அவன். சுருதி என்றால் என்னவென்றே அறியாத ஒரு பெண்ணை மனோவசியத்தில் ஆழ்த்தி, ஐரோப்பா கொண்டாடும் பாடகியாக்குகிறான். அவன் இறந்ததும் அவளுக்குப் பாட வரவில்லை. பாடிய நினைவும் இல்லை. நாவலாசிரியர் அவனை அருவருப்பூட்டும் யூதனாகத் தீட்டினார். அது நாவலின் அழியாத கறை. அதில் வாசகருக்கு ஒரு சௌகரியமும் இருந்தது: மயக்குபவன் வெளியாள் என்றால் ஊர் கை கழுவிக்கொள்ளலாம்.

மலையாளக் கற்பனை அந்தச் சௌகரியத்தை அவ்வளவு எளிதில் தரவில்லை. சி. வி. ராமன் பிள்ளையின் ‘தர்மராஜா’ (1913) நாவலில் திருவனந்தபுரத்தைத் தன் வாக்கால் கட்டிப்போடும் ஹரிபஞ்சானன யோகி, பார்வைக்கு எங்கிருந்தோ வந்த துறவி. காவியை விலக்கிப் பார்த்தால், எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் பழியைத் தீர்க்க வந்த உள்ளூர் ரத்தம்.

இதே நகரில் வாழும் அடூர் கோபாலகிருஷ்ணன் 1994-இல் ‘விதேயன்’ படத்தை அளித்தார். மூலம் பால் சக்கரியாவின் ‘பாஸ்கர பட்டேலரும் என் வாழ்க்கையும்’ என்னும் குறுநாவல். அந்தத் தலைப்பை இலக்கணக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும். பட்டேலருக்குப் பெயர் உண்டு, முதலிடமும் உண்டு. சொல்பவனுக்குப் பெயரில்லை; ‘என்’ என்ற ஒற்றை எழுத்துறவு மட்டும். ‘விதேயன்’ என்றால் பணிந்தவன். பழைய கடிதங்களின் அடியில் கையெழுத்துக்கு மேல் இடம்பெற்ற சொல். வடமொழி மரபில் எழுவாயைப் பற்றிச் சொல்லப்படும் பகுதிக்கும், அதாவது நம் பயனிலைக்கும், ‘விதேயம்’ என்றே பெயர். பிழைக்க வந்த தொம்மி, பட்டேலர் என்னும் எழுவாய்க்குப் பயனிலையாகிப் போகிறான். உதைத்தவனின் துப்பாக்கியைச் சுமக்கிறான். தன் மனைவியின் உடலில் பட்டேலரின் அத்தர் மணப்பதைக்கூட ரசிக்கத் தொடங்குகிறான். படத்தில் உண்மையில் அஞ்சவேண்டிய காட்சி அதுதான். கொலைகள் அதற்கு அடுத்தபடிதான்.

முப்பது ஆண்டு கழித்து, பட்டேலராக நடித்த அதே மம்மூட்டி ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ படத்தில் கொடுமண் போற்றியாக வந்தார். பட்டேலர் காலால் பேசுபவர். போற்றியோ செவியால் ஆள்பவர். உயிர்பிழைத்து ஓடிவந்த பாணன் தேவன் பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். போற்றி அவனைப் பாடச் சொல்லிக் கேட்கிறார், மெச்சுகிறார், அந்தக் காலத்துச் சாதி வழக்கம் அனுமதிக்காத விருந்தோம்பலைத் தருகிறார். வசியம் இங்கே மந்திரத்தால் தொடங்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பெரியவர் தன் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டார் என்ற நெகிழ்ச்சியில் தொடங்குகிறது. போக விடை கேட்கும்போதுதான் பகடை வெளியே வருகிறது. வென்றால் போகலாம், தோற்றால் தேவன் தன் ‘காலத்தை’ தந்துவிட வேண்டும். பொன்னோ நிலமோ அல்ல, காலம். (இதற்கு மேல் சொன்னால் படம் பார்க்காதவர்கள் சபிப்பார்கள்.)

ட்ரில்பியும் பாடகி, தேவனும் பாடகன் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இத்தகைய குரு அடிமையின் உழைப்பை மட்டும் கேட்பதில்லை. அவனிடம் எது தனித்து ஒலிக்கிறதோ அதையே கேட்கிறான். கொடூரன் என்று எளிதில் அடையாளம் காணக்கூடிய பட்டேலரைவிட, ரசிகராக வரும் போற்றியிடம் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுவது இதனால்தான்.

‘பிரமயுகம்’ பார்த்த ஆய்வு மாணவர்களுக்குப் பகடைக் காட்சி மற்றவர்களுக்குப் போல் அமைந்திருக்காது. ஐந்தாண்டு உதவித்தொகை முடிந்த பிறகும் விடைபெற முடியாமல், ‘இன்னும் ஒரே ஒரு இயலைத் திருத்திக்கொடு’ என்ற சொல்லுக்குக் கட்டுண்டு விடுதியில் தங்கியிருப்பவர்கள் எல்லா வளாகங்களிலும் உண்டு. பெரும்பாலான நெறியாளர்கள் போற்றிகள் அல்லர். மாணவரைக் கைதூக்கி அனுப்பிவைத்து மறந்துபோகும் நல்லவர்களே மிகுதி. ஆனால் எஞ்சியவர்களைப் பேச்சிலேயே கண்டுகொள்ளலாம், அதுவும் அவர்களுடைய பேச்சில் அல்ல, மாணவர்களின் பேச்சில். முதலாண்டில் தேநீர்க்கடை பெஞ்சில் எதிர்வாதம் செய்து கை நோக மேசை தட்டிய மாணவி ஒருத்தியிடம், நான்காம் ஆண்டில் அதே பெஞ்சில் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று தோழி கேட்கிறாள். அவள் யோசிக்கிறாள். பிறகு தொடங்குகிறாள்: ‘சார் சொல்வது என்னவென்றால்…’