மடக்குக் கத்தி

"உபாத்தியாயருக்கு இத்தனை கத்தி எதற்கு? பென்சில் சீவ ஒன்று போதாதா?" என்று நண்பர்கள் நம்மைப் பரிகசிப்பதுண்டு. பழைய ஷெபீல்டு மடக்குக் கத்தி ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் மௌனமாயிருப்போம். நகத்தால் அலகை இழுத்தால் முதுகிலுள்ள எஃகு வில் முதலில் பிணங்கும். பிறகு இணங்கி, 'டக்'கென்று அலகை நிறுத்தும். பூட்டு ஏதும் கிடையாது. அலகின் முதுகை அழுத்தினால் அது விரல்மேலேயே மடங்கும். அதனால் பிடித்தவனுக்குத் தானே நிதானம் வந்துவிடுகிறது.

அந்நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியார் 1851-ஆம் வருஷத்து லண்டன் பொருட்காட்சிக்காக 75 அலகுகளுள்ள பிரம்மாண்டமான கத்தி ஒன்றைச் செய்தனர். அதிசயந்தான், ஆனால் சட்டைப் பையில் அடங்குமா? அதே ஊரில் ஸ்டான் ஷா என்ற தொழிலாளி, 14-ஆம் வயதில் பட்டறை புகுந்து, முழுக் கத்தியையும் தம் கையாலேயே செய்துவந்தார். அவர் 2021-இல் காலமானார். அத்தகைய கைகள் அருகிவரும் காலத்தில், அவை செய்த கத்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் சிறைவைக்க நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே, வாரத்துக்கொன்றாக முறைவைத்து எடுத்துக்கொள்கிறோம். மாங்காய் நறுக்கிய அலகு கறுக்கிறது. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் இடுகிறோம். நம் பெட்டியில் வேலையற்ற கத்தி ஒன்றுகூட இல்லை.