இணங்காதவள்

2011-ல் ஏற்காட்டில் பயிற்சியில் இருந்த நர்சிங் மாணவி நான். ஒரு பெண்ணின் கேர் பிளானில் ‘நான்கம்ப்ளையன்ஸ்’ என்று எழுதினேன். அதாவது, இணங்காமை. இரண்டாம் பிரசவத்துக்குப் பின் அவருக்குக் கடும் ரத்தசோகை. கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் போடவில்லை, சொன்ன தேதிக்கு ஓ.பி.க்கு வரவில்லை. நர்சிங் டயக்னோசிஸில் பிரச்சினையோடு காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ‘அறியாமை’ என்று எழுதினேன். டிக் கிடைத்தது.

ஜனவரியில் அவருடைய மலைக் கிராமத்துக்குப் போனோம். காப்பிப் பழம் பறிக்கும் காலம். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் இருந்தன. “வெறும் வயித்துல போட்டா குமட்டுது பாப்பா. தலை சுத்தி உட்கார்ந்துட்டா அன்னிக்கு எடை குறையும்” என்றார். பறித்த எடைக்குத்தான் கூலி. மலச்சிக்கல் வேறு, தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை. ஓ.பி.க்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. சாப்பிட்ட பிறகு போடலாம், காப்பியோடு போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லாதது நாங்கள். அறியாமை அவர் கணக்கில்.

அந்தச் சொல் வந்த கதையைப் பிறகுதான் படித்தேன். 1973-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கிறிஸ்டின் கெபி, மேரி ஆன் லவின் என்ற இரண்டு செவிலியர்கள் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். டாக்டர் நோய்க்குப் பெயர் வைக்கிறார். படுக்கையருகே நாம் காண்பதற்கு நாமே பெயர் வைப்போம் என்பதுதான் நோக்கம். எனக்கு இன்றும் அதில் பெருமை உண்டு. ஆனால், டாக்டரின் உத்தரவுக்குப் பணிவதுதான் நர்ஸ் வேலை என்பதிலிருந்து வெளியேற வந்த பெண்கள் போட்ட அந்த முதல் பட்டியலிலேயே ‘இணங்காமை’யும் இருந்தது!

1982-ல் அந்த முயற்சி நாண்டா என்ற அமைப்பானது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பட்டியல் திருத்தப்படுகிறது: புதியவை சேரும், ஆதாரம் போதாதவை போகும். 2018–2020 பதிப்பில் ‘இணங்காமை’ நீக்கப்பட்டது. நாற்பத்தைந்து வருஷம்! இப்போது, உடல்நலத்தைக் கவனித்துக்கொள்வது ஏன் கைகூடவில்லை என்று கேட்கும் டயக்னோசிஸ் இருக்கிறது. அதில் பணக்கஷ்டத்தையும் எழுத இடமுண்டு. 2011-ன் கேர் பிளானை யாரும் திருத்தப் போவதில்லை.

இப்போது நான் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி, புதிய பட்டியலிலிருந்து சரியான பெயரை எழுதிவிட்டு, குறிப்பில் ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்று சேர்த்திருந்தாள்.

“வீட்டுக்குப் போய்ப் பார்த்தியாம்மா?”

“இல்ல மேம்.”

மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் போனோம்.