பில் தொகை: பூஜ்யம்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் மனசுக்குள் பற்று, வரவு எழுதுவான். பெரியம்மா மகனை எங்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் சேர்த்தபோதும் என் கை சும்மா இருக்கவில்லை.

கட்டில் இலவசம். மாத்திரை, ஊசி, தம்பிக்கு மூன்று வேளைச் சாப்பாடு... எல்லாம் இலவசம். “கூட ஒரு ஆள் கண்டிப்பா இருக்கணும்” என்றார் நர்ஸம்மா. அந்த ஆள் பெரியம்மா. தெருமுனையில் இட்லிக் கடை வைத்துப் பிழைப்பவர்.

நீங்களே கூட்டிப் பாருங்கள். பூட்டிக் கிடந்த கடைக்கு, தினம் 450 வீதம் 21 நாளுக்கு 9,450 ரூபாய். பெரியம்மாவின் டீ, சாப்பாடு 2,520. முரண்டு பிடித்தவனை ஏற்றி வந்த ஆட்டோ 600. ஆக, 12,570. அதற்காக வாங்கிய கடன் 10,000. மாத வட்டி ஆயிரம்!

கூட இருப்பவரும் ஒரு மருந்துதான். 1950-களிலேயே அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தையும் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். சிகிச்சை வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கவேண்டும் என்கிறது 2017-ம் வருடத்து மனநலச் சட்டம். நல்ல சட்டம். கூட இருப்பவரின் கூலி பற்றித்தான் அதில் பேச்சே இல்லை.

பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது சார். முன்பு ஒருமுறை கீழ்ப்பாக்கத்தில் சேர்த்தபோது, “மெட்ராஸ்ல வேலை பாக்குறான்” என்று பெரியம்மா சமாளித்துவிட்டார். இந்த முறை “மஞ்சக்காமாலை” என்றார். மூன்றே நாள்தான் தாங்கியது. பக்கத்து வார்டுக்கு ஆள் பார்க்க வந்த எங்கள் தெருக்காரர் ஒருவர், ஜன்னல் வழியே தம்பியைப் பார்த்துவிட்டார்.

21-ம் நாள் டாக்டர், “இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும். பாதியில கூட்டிட்டுப் போனா திரும்ப வந்துரும்” என்றார். பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏய்யா, நாளைக்கு ஒரு நாள் நீ இவன்கூட இருக்கியா? நான் போயி அடுப்பப் பத்த வச்சிட்டு வாரேன்.”

ஆபீஸுக்கு லீவு சொன்னேன். என்ன, எனக்குச் சம்பளம் வெட்டமாட்டார்கள்!

மறுநாள் மதியம் தூக்குவாளியோடு வந்தார். ஊற்றிய இட்லியில் பாதி அப்படியே இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. தம்பி மட்டும், “அம்மா, இன்னும் ரெண்டு வையி” என்றான்.