எழுத்துகளுக்குள் இனிப்பு தேடுகிறவர்

ஈரோட்டில் உயிரியல் கற்பிக்கும் நண்பர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஹனூரில், பட்டுப்புழு வளர்க்கிற ஒரு வீட்டில், ஒரு பெண் பாக்டீரியாக்களின் சர்க்கரைக் கடத்திகளை அடையாளம் கண்டு கொடுக்கிறார் என்றார். ஒரு புரதத்துக்கு இவ்வளவு என்று கூலி. கைத்தொழில்களைப் பற்றி எழுதுகிறவன் இதைப் பார்க்காமல் இருக்கக்கூடாது என்று முகவரியும் தந்தார்.

கொள்ளேகாலில் பஸ் மாறி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் ஹனூர். 1956 வரை இந்தப் பகுதி நம் கோயம்புத்தூர் மாவட்டம். பிறகு மைசூர், 1997 முதல் சாமராஜநகர். டீக்கடையில் நான் தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில் வழி கேட்டேன். தமிழில் பதில் வந்தது.

வீட்டின் பெரிய அறை புழுக்களுக்கு. நாலாவது முறை தோலுரித்து எழுந்தவை மல்பெரி இலையை விடாமல் தின்றுகொண்டிருந்தன. பக்கத்துச் சிறிய அறையில் ஒரு கணினி, ஒரு நாற்காலி. சுவரில் ஓரம் பழுப்பேறிய ஒரு காகிதம், அதில் எண்களால் நிரம்பிய கட்டம். அவருடைய கருவி அதுதான்.

“பிளோசம் 62 அண்ணா. கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கு. ஆனா சுவத்துல இருந்தாத்தான் எனக்குக் கண்ணு போகும்” என்றார்.

1992இல் ஸ்டீவன் ஹெனிகாஃப், ஜோர்ஜா ஹெனிகாஃப் என்ற தம்பதி வெளியிட்ட அட்டவணை அது. புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. தெரிந்த புரதத்தின் கீழே தெரியாத புரதத்தை எழுதி, எழுத்துக்கு எழுத்து மதிப்பெண் போட வேண்டும். டிரிப்டோஃபன் இருந்த இடத்தில் டிரிப்டோஃபனே இருந்தால் 11. அரிதான எழுத்து, எளிதில் மாறாது. லூசின் லூசினாகவே இருந்தால் 4. லூசின் ஐசோலூசினாக மாறியிருந்தாலும் 2 உண்டு, இரண்டும் எண்ணெய்ப் பசை உள்ளவை. அதே லூசின் தண்ணீரை விரும்பும் அஸ்பார்டேட்டாக மாறியிருந்தால் கழித்தல் 4. வரிசையில் இடைவெளி விட நேர்ந்தால் முதல் தண்டனை 11, பிறகு எழுத்துக்கு 1. மொத்த மதிப்பெண் தற்செயலானதா என்று கணக்கிடும் பகுதியையும் சொன்னார். அதை இங்கே விட்டுவிடுகிறேன்; என் மனம் அந்தக் கட்டத்தைவிட்டு நகரவில்லை.

சர்க்கரை தானாகச் செல்லின் கொழுப்புச் சவ்வைக் கடக்காது. சவ்வைப் பன்னிரண்டு முறை சுருள் சுருளாக ஊடுருவி நிற்கும் புரதங்கள் அதைக் கடத்துகின்றன. குடல் பாக்டீரியாவான ஈ. கோலையில் ஜைலோஸ் என்ற சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் ‘ஜைல்-ஈ’ அப்படி ஒன்று. நம் ரத்தச் சிவப்பணுவுக்குள் குளுக்கோஸைச் சேர்க்கும் ‘குளூட்-1’ இன்னொன்று. இரண்டையும் மேலும் கீழுமாக அடுக்கிக் காட்டினார். 491 எழுத்துகள், 492 எழுத்துகள். ஆறாவது சுருள் முடியும் இடத்தில் இரண்டிலும் பி, ஈ, எஸ், பி, ஆர் என்று ஐந்து எழுத்துகள் அப்படியே நிற்கின்றன. ஏழாவது சுருளில் இரண்டிலும் அடுத்தடுத்து இரண்டு கியூ, அதாவது குளூட்டமின்; சர்க்கரையைப் பற்றிப் பிடிக்கும் இடம். பாக்டீரியாவின் கடத்தியும் பாலூட்டியின் கடத்தியும் ஒரே குடும்பம் என்று 1987இல் மெய்டன், ஹெண்டர்சன் முதலியோர் சொன்னது இப்படி வரிசைகளை ஒப்பிட்டுத்தான். ஜைல்-ஈயின் படிக வடிவம் வந்தது 2012இல், கால் நூற்றாண்டு கழித்து. எழுத்துகள் முந்திக்கொண்டன. எனக்கு உடல் சிலிர்த்தது.

அப்படியென்றால் கணினியே செய்துவிடாதா என்று கேட்டேன்.

“மிஷின் பேர் வெச்சுடும்ணா. ஆனா யாரோ முன்னாடி தப்பா வெச்ச பேரைத்தான் அதுவும் எடுத்து வெக்கும். ஒரு தப்பு நூறாயிடும்.”

உதாரணத்துக்கு, ஈஸ்ட்டில் எஸ்என்எஃப்-3, ஆர்ஜிடி-2 என்று இரண்டு புரதங்கள். வரிசையைப் பார்த்தால் சர்க்கரைக் கடத்தியேதான். ஆனால் கடத்தாது, வெளியே குளுக்கோஸ் இருக்கிறதா என்று உணர்ந்து உள்ளே சொல்லும். நீண்ட வால்தான் வேறுபாடு. பாக்டீரியாவிலிருந்து டெட்ராசைக்ளின் மருந்தை வெளியே தள்ளும் புரதமும் இதே பெருங்குடும்பம்தான். முகச்சாயலை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் மருந்தைத் துப்புகிறவனைச் சர்க்கரை சுமக்கிறவன் என்று எழுதிவிடுவோம். கடைசியில் வேண்டியிருப்பது ஒரு மனிதரின் கண்.

அந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிறுவயதில் அப்பாவோடு உட்கார்ந்து கூடு பொறுக்கியிருக்கிறார். கறைபட்டது, மெலிந்தது, இரண்டு புழு சேர்ந்து கட்டியது என்று தனித்தனியே. இரட்டைக்கூட்டில் நூல் சிக்கும். கூடு விற்ற பணத்தில் மைசூரில் எம்.எஸ்ஸி. படித்தார். ஆய்வகத்தில் தற்காலிக வேலை இரண்டு வருடம். அம்மா படுத்த படுக்கையானதும் ஊருக்குத் திரும்பினார்.

அப்பாவின் கூடு ராமநகரம் அரசு அங்காடிக்குப் போகிறது. பட்டுக்கூடு விற்பனையை முறைப்படுத்த இந்த மாநிலத்தில் 1959லேயே சட்டம் வந்துவிட்டது. கூட்டைத் தட்டில் கொட்டுகிறார்கள், நூற்பாளர்கள் ஏலம் கேட்கிறார்கள், விலையும் எடையும் எழுதிய சீட்டு அப்பாவின் கைக்கு வருகிறது. விலை விழும் நாளில் வயிறு எரியும். ஆனால் விழுந்தது என்பதாவது தெரியும். மகளின் உழைப்பு எங்கே விற்கிறது? ஒரு நகரத்து இடைத்தரகர் கோப்பு அனுப்புகிறார். அவருக்கு மேலே இன்னொருவர், அவருக்கும் மேலே யாரோ. முதலில் வாங்குகிறவர் யார், என்ன தருகிறார் என்று இவரிடம் யாரும் சொன்னதில்லை. இவர் திருத்திய பெயர்கள் எந்தத் தொகுப்பில் சேர்கின்றன என்றுகூடத் தெரியாது. புழு வளர்க்கிறவருக்கு எப்போதோ கிடைத்துவிட்ட ஏலக்கூடம், எம்.எஸ்ஸி. படித்தவருக்கு இன்றும் இல்லை. அறிவு வேலை என்று பெயர் சூட்டிவிட்டால் கூலி கேட்பதே கௌரவக் குறைவு என்று நம்ப வைத்திருக்கிறோம். இது திருட்டு. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

நான் கிளம்பும்போது திரையில் ஒரு புது வரிசை. அந்த ஐந்து எழுத்துகளும் இருந்தன. ஏழாவது சுருளில் முதல் கியூ இருந்தது. இரண்டாவது இடத்தில் ஈ, குளூட்டமேட். சுவரில் பார்த்தேன்: கியூவுக்கு ஈ வந்தால் கூட்டல் 2.

“டேபிள் பரவாயில்லைன்னு சொல்லுது. ஆனா இது சர்க்கரை உட்கார்ற இடம்ணா” என்றவர், ‘உறுதியில்லை’ என்று அடித்தார். அப்படி எழுதுகிற வரிகளுக்குக் கூலி கிடையாது. அடுத்த கோப்பைத் திறந்தார்.